புதுப்பிப்பு: அம்மா வீட்டு கேமரா ஒருவழியாகப் பிரவுசரில் தெரிகிறது

காரைக்குடியில் அம்மா தனியாக இருக்கிறார், வாசலையும் கொல்லையையும் பெங்களூரிலிருந்து லேப்டாப் பிரவுசரில் பார்க்க எந்த கேமரா வாங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

முதலில் சொதப்பினேன். உள்ளூர்க் கடைக்காரர் தலையில் கட்டிய டிவிஆரை (கேமரா வீடியோவைப் பதிவுசெய்யும் பெட்டி) பிரவுசரில் திறந்தால் 'ப்ளக்இன் நிறுவவும்' என்றது. அந்த ப்ளக்இன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்ற பழைய பிரவுசருக்கு எழுதியது. அந்தப் பிரவுசரை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனிலேயே மூடிவிட்டது. திருப்பிக் கொடுத்தேன், 600 ரூபாய் பிடித்துக்கொண்டார்.

இப்போது இருப்பது ஆர்டிஎஸ்பி (நெட்வொர்க் வழியாக வீடியோ அனுப்பும் ஒரு முறை) தரும் இரண்டு ஐபி கேமராக்கள். குரோம் ஆர்டிஎஸ்பியை நேரடியாகக் காட்டாது. அதனால் நடுவில் ராஸ்பெர்ரி பை என்ற ஒரு குட்டிக் கணினி. அதில் ஓடும் கோ2ஆர்டிசி என்ற மென்பொருள், பிரவுசருக்குப் புரியும் வெப்ஆர்டிசியாக மாற்றித் தருகிறது. ஒரு ராத்திரி முழுக்கக் கறுப்புத் திரைதான். கேமரா எச்.265 என்ற வீடியோ வடிவத்தில் அனுப்பிக்கொண்டிருந்தது, என் பிரவுசரில் அது ஓடவில்லை. எச்.264க்கு மாற்றினேன், விடிந்ததும் அம்மா கோலம் போடுவது பளிச்சென்று வந்தது.

போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து கேமராவுக்கு ரவுட்டரில் வழி திறப்பது) செய்யச் சொன்னவர்களுக்கு: ரவுட்டருக்குக் கிடைத்திருக்கும் ஐபி 100.72 என்று தொடங்குகிறது. அதாவது சிஜிநாட், இணைய நிறுவனம் ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருவது. வெளியிலிருந்து அந்த வழியில் உள்ளே வர முடியாது. முடிந்தாலும் கேமராவை இணையத்தில் திறந்துவிட எனக்கு மனசு வராது. ராஸ்பெர்ரி பையிலும் லேப்டாப்பிலும் டெயில்ஸ்கேல் (இரண்டையும் தனி நெட்வொர்க்காக இணைக்கும் விபிஎன்) போட்டேன், வேலை முடிந்தது.

கரண்ட் போனால் எல்லாம் அணைவதுதான் பாக்கி. மினி யூபிஎஸ் ஆர்டர் போட்டிருக்கிறேன். அம்மாவுக்கோ வேறு கவலை. "நைட்டியோட கொல்லைக்கு வந்தா தெரியுமாடா?" அந்த கேமராவை மட்டும் மதில் பக்கமாகத் திருப்பச் சொல்லியிருக்கிறேன்.