மறு: மறு: அக்குவாபிளேனிங் – ‘நீர்மிதப்பு’ சரிவருமா?

கிளிநொச்சியிலிருந்து:

வணக்கம். மாரிக்கு முன் சாரதிப் பயிலுநர்களுக்குக் கொடுக்கிற கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேணும். ஒரு சொல்லில் முடங்கி நிற்கிறது. அக்குவாபிளேனிங்குக்கு, அதாவது வேகத்தில் ரயர் தெருத் தண்ணீரின்மேல் எழும்பி ஓடுவதற்கு, வரைவில் ‘நீர்ச்சறுக்கல்’ என்று கிடக்கு. அது பிழை என்பது என் எண்ணம். சறுக்கும்போது ரயர் தாரைத் தொட்டபடிதான் இருக்கும், பிடிதான் குறைவு. இதிலோ ரயருக்கு முன்னால் சேரும் தண்ணீர் ஆப்புப்போல அடியில் நுழைந்து சில்லையே தூக்கிவிடுகிறது. ஸ்ரியறிங் திடீரென்று லேசாகும். ஏபிஎஸ் (பிறேக் பிடிக்கும்போது சில்லு இறுகி நிற்காமல் காக்கும் அமைப்பு) இல்லாத வாகனத்தில் அந்த நேரம் பிறேக்கை மிதித்தால் சில்லு நின்றுவிடும். ரயர் மறுபடி தாரைத் தொடும்போது வாகனம் ஒரு பக்கம் வெட்டி இழுக்கும். அக்சிலேற்றரில் இருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்ரியறிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாய் இறங்க விடவேணும். ‘சறுக்கல்’ என்று படித்தவருக்குக் கால் பிறேக்குக்குத்தான் போகும். ‘நீர்மிதப்பு’ என்று மாற்றட்டோ?

முள்ளியவளையிலிருந்து:

தம்பி, வழுக்கும் நிலத்துக்கு 415ஆம் குறளிலேயே ‘இழுக்கல்’ என்ற சொல் இருக்கிறது. ஊன்றுகோல் தேவைப்படும் இடம் அது. மழை பெய்த தெருவை ‘இழுக்கல் தெரு’ என்று எழுதலாம். ரயரின் பிடிக்குப் ‘பற்று’ என்பதே போதும். கரைத்துறைப்பற்று, பனங்காமப்பற்று என்று வன்னி முழுதும் பற்றாகத்தானே பிரிந்து கிடக்கிறது? பற்றி ஆண்ட நிலம் பற்று. நிலத்தைப் பற்றி ஓடுகிற ரயருக்கும் அதே வினைதான்.

மாங்குளத்திலிருந்து:

ஐயா, ‘இழுக்கல்’ என்றால் பிள்ளைகள் இழுப்பது என்று விளங்குவினம். ‘பற்று’ கணக்கியலில் வரவுக்கு எதிர்ப்பக்கம். பிடிக்கு ‘இழுவை’ என்ற சொல்லும் வேண்டாம்: பௌதிகவியல் வகுப்பில் அது கயிற்றில் உள்ள விசை, முல்லைத்தீவுக் கரையில் இழுவைப் படகு. கராஜில் ‘ரயர் பிடிக்குதில்லை’ என்றுதான் சொல்லுகினம். ஆகவே ‘பிடிமானம்’.

சொல்லோடு அளவையும் போடுங்கோ. புது ரயரின் தவாளிப்பு (ரயர் முகத்தில் தண்ணீர் வெளியேற வெட்டிய பள்ளம்) ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் ஆழம். தவாளிப்புக்குள் குறுக்கே கிடக்கிற சின்ன மேடுகள் 1.6 மில்லிமீற்றர் உயரம். ரயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்தால் மாற்றவேணும். தண்ணீர் வெளியேற வழியில்லாத மொட்டை ரயரில் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் காற்று இருந்தால் மணிக்கு 90 கிலோமீற்றர் அளவில் சில்லு எழும்பும். 20 இறாத்தல் என்றால் 75 அளவிலேயே. காற்றுக் குறைந்தால் மெத்தென்று பிடிக்கும் என்று நம்புகிற ஆக்களுக்கு இந்த இரண்டு எண்ணும் கட்டாயம் போகவேணும். மாங்குளத்துக்கு வடக்கே ஏ9 தெரு நேராகக் கிடப்பதால் 90 தெரியாமலே வந்துவிடும்.

முல்லைத்தீவிலிருந்து:

‘நீர்மிதப்பு’க்கு நான் எதிர்ப்பு. இங்கே குளம் நிரம்பி வான் (மிகுதித் தண்ணீர் வழியும் இடம்) பாய்ந்தால் தண்ணீர் தெருவைக் குறுக்கறுத்து ஓடும். 30 சென்ரிமீற்றர் ஓடுதண்ணீர் சின்னக் காரை நகர்த்தும், 60 வந்தால் பெரும்பாலான வாகனங்களை அள்ளும். வன்னியில் வாகனம் ‘மிதந்தது’ என்றால் அதுதான். அங்கே எவ்வளவு மெதுவாகப் போனாலும் ஆபத்து, இறங்கவே கூடாது. அக்குவாபிளேனிங்குக்குச் சில மில்லிமீற்றர் தண்ணீரும் வேகமும் காணும். மெதுவாகப் போனால் மிதக்காது என்று கையேட்டில் படித்தவர், வான் தண்ணீருக்குள்ளும் மெதுவாக இறக்கிப் பார்ப்பார். சொல்லாலே உயிர் போகும்.

இன்னொன்று. காலபோக விதைப்புக் காலத்தில் உழவு இயந்திரச் சில்லு வயல் சேற்றை ஏ35 தெருவில் கொட்டிக்கொண்டு போகும். முதல் தூறலில் அது தார்மேல் பசைபோலப் படரும். மோட்டார் சைக்கிள்களை விழுத்துவது பெரும்பாலும் அதுதான். அதற்குச் ‘சறுக்கல்’ சரியான சொல், அதை விட்டுவிடாதேங்கோ.

மாங்குளத்திலிருந்து:

அப்ப ‘நீரேறல்’? ரயர் தண்ணீரின்மேல் ஏறுகிறது.

முள்ளியவளையிலிருந்து:

நீர் ஏறியதா, நீரில் ஏறியதா? எழுவாயாக எடுத்தால் வீட்டுக்குள் வெள்ளம் ஏறுவது. ஏழாம் வேற்றுமைத்தொகை என்று பயிலுநருக்கு ஆர் விளங்கப்படுத்துவது?

கிளிநொச்சியிலிருந்து:

இதுவரை எழுதியவர்களில் ஏழு பேர் ‘நீரேறல்’, இரண்டு பேர் ‘நீர்மிதப்பு’. நேரமில்லை. ‘நீரேறல்: ரயர் தண்ணீரின்மேல் ஏறி, தாரைத் தொடாமல் ஓடுதல்’ என்று முதல் வருமிடத்தில் விரித்து எழுதுகிறேன். பிடிமானம், சறுக்கல் அப்படியே. வான் தண்ணீருக்குத் தனிப் பெட்டி, ‘மிதத்தல்’ அங்கே மட்டும்.

முள்ளியவளையிலிருந்து:

‘நீர்மேலேறல்’ என்று ‘மேல்’ சேருங்கள். இரண்டு எழுத்துத்தான் கூடும். சேர்க்கும்வரை என் மறுப்பு நிற்கிறது.