மறு: செனோபஸ்: உகிர்த்தவளையா, நகக்கால் தவளையா?

> ‘நீர்வாழ் தவளை’ வேண்டாம், எந்தத் தவளைக்கும் அது பொருந்தும். ‘உகிர்த்தவளை’ என்று வைக்கலாம். சங்கப் பாடல்களிலேயே ‘வள்ளுகிர்’ இருக்கிறது.

ஐயா, வணக்கம்.

ஆப்பிரிக்கத் தவளைப் பேரினமான செனோபஸுக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். நீங்கள் சொன்னதில் முதல் பாதி சரி. செனோபஸ் கரையேறுவது அபூர்வம்தான். ஆனால் ‘நீர்வாழ்’ என்று சொன்னால் அது யாருக்கும் புரியப் போவதில்லை.

நகத்துக்கான பழஞ்சொல்லான உகிரில்தான் எனக்குத் தயக்கம். அழகான சொல். ஆனால் குழந்தைக்குப் புலிநகம் கோத்துப் போட்டவர்கள் யாரும் அதைப் புலியுகிர் என்று சொல்லிக் கேட்டதில்லை. நகம் என்றாலே விலங்குக்கும் சேர்த்துத்தான்.

என் பரிந்துரை: நகக்கால் தவளை. செனோபஸ் என்ற கிரேக்கப் பெயருக்கே ‘விநோதப் பாதம்’ என்றுதான் பொருள். கை விரல்களில் நகம் கிடையாது. பின்னங்காலின் உட்புற மூன்று விரல்களில் மட்டும் கறுப்பாகக் கூர்நகம். நாக்கும் இல்லாததால் இரையைக் கைகளால் வாய்க்குள் தள்ளும். பெரிய இரையானால் காலால் உதைத்துக் கிழிக்கும். அந்தக் கால் பெயரில் இருக்க வேண்டாமா?

அப்புறம், இந்தப் பேரினத்தில் ஓர் இனமான செனோபஸ் லாஞ்சிபெஸ். பெயர்ப் பட்டியலில் ‘நீள்பாதத் தவளை’ என்று போட்டிருக்கிறீர்கள். லத்தீனுக்கு அது சரியான பெயர்ப்பு. ஆனால் இந்த உயிர் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது: வடமேற்குக் கேமரூனின் ஓக்கு ஏரி. சுமார் 2,200 மீட்டர் உயரத்தில், எரிமலை வாயில் தேங்கிய நீர். அதில் மீனே இல்லை. யாராவது நல்லெண்ணத்தில் மீன் குஞ்சு விட்டால்கூடப் போச்சு, கதை முடிந்தது. 2006இலிருந்து தவளைகள் கூட்டமாகச் செத்து மிதந்ததும் பதிவாகியிருக்கிறது. அழிவின் விளிம்பில் உள்ள இனங்களில் ஒன்று. எனவே ஏரியின் பெயரை விடக் கூடாது: ஓக்கு நகக்கால் தவளை.

இதே தவளைக்கு இன்னொரு சொல்லும் தேவை. இதன் செல்லில் குரோமோசோம்கள் 108, பன்னிரண்டு தொகுதிகளாக. நமக்கு இரண்டு தொகுதிதான். அதற்குப் பாடநூலில் ‘இருமடியம்’ ஏற்கெனவே இருப்பதால் இதைப் ‘பன்னிருமடியம்’ எனலாம். இதில் சண்டை வராது என்று நினைக்கிறேன்.

---

> நகம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘கால்’ என்றால் முன்னங்காலும் சேருமே? ‘நகப்பின்கால்’ என்றா எழுதுவது?

ஐயா, மேலே நான் எழுதியதைப் பாருங்கள். முன்னங்காலை இரண்டு இடத்திலும் என்னை அறியாமல் ‘கை’ என்றே எழுதியிருக்கிறேன். தவளைக்குக் கால் என்றால் பின்னங்கால்தான்.