துறைமுகத்துக்குக் ‘கொள்ளளவு’ பொருந்துமா? ‘கையாள்திறன்’ என்று ஒரு முன்மொழிவு

எல்லோருக்கும் வணக்கம்.

துறைமுகத்தின் கெப்பாசிட்டிக்குத் (capacity) தமிழில் ‘கொள்ளளவு’ என்ற சொல்லே போதும் என்று நம் குழுவில் சென்னையிலிருந்து ஓர் ஐயா எழுதியிருந்தார். இரண்டு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அது சரிப்படவில்லை.

நான் இருப்பது திருகோணமலையில். இங்கே யாரைக் கேட்டாலும், “எங்கட துறைமுகம் இயற்கைத் துறைமுகம், ஆழம் கூட, எத்தனை கப்பலும் கொள்ளும்” என்பார்கள். ஆழமும் பரப்பும் உண்மைதான். ஆனால் கொழும்பில் உள்ளது போன்ற, கொள்கலன்களை (சரக்குப் பெட்டிகளை) ஏற்றி இறக்கும் முனையம் இங்கு இல்லை. சீனக்குடா மாவாலைக்குக் கோதுமை, சீமெந்து ஆலைக்குக் கிளிங்கர் (அரைத்துச் சீமெந்தாக்கும் கட்டி), அப்புறம் எண்ணெய், இவைதான் பெரும்பாலும் வருகின்றன. குடா எவ்வளவு கொண்டாலும், வரிசையாகப் பாரந்தூக்கிகளும் பெட்டி அடுக்க முற்றமும் இல்லாமல் கொள்கலன் வியாபாரம் நடக்காது. ‘கொள்ளளவு’ என்றதும் மனம் குடாவுக்குப் போய்விடுகிறது. அதுதான் சிக்கல்.

கந்தளாய்க் குளத்தில் எத்தனை ஏக்கர் அடி தண்ணீர் நிற்கும் என்பது கொள்ளளவு. மடை வழியே ஒரு நாளில் எவ்வளவு வயலுக்குப் பாயும் என்பது வேறு கணக்கு. துறைமுகத்துக்குச் சொல்லப்படும் கெப்பாசிட்டி இந்த இரண்டாவது வகை. அதனால்தான் அதை ‘ஆண்டுக்கு இத்தனை’ என்று சொல்கிறார்கள். கொழும்பில் 2013இல் திறந்த தெற்கு முனையத்தை ஆண்டுக்கு 24 இலட்சம் இருபதடி அலகுகளுக்கு என்று திட்டமிட்டார்கள். இருபதடி நீளப் பெட்டி ஒன்று ஓர் அலகு. நாற்பதடிப் பெட்டி ஒன்று இரண்டு அலகாகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முற்றத்தில் 10,000 அலகுகளுக்கு இடம் இருக்கிறது. ஒரு பெட்டி சராசரியாக 10 நாள் தங்கினால் ஆண்டில் 3,65,000 அலகுகள் அந்த முற்றத்தைக் கடக்கலாம். அதே பெட்டி 5 நாளில் கிளம்பினால் 7,30,000. முற்றத்தில் ஓர் அடி நிலம்கூடக் கூடவில்லை, கொள்ளளவு அப்படியேதான் இருக்கிறது. கெப்பாசிட்டி மட்டும் இரட்டித்துவிட்டது! இன்னொன்றும் உண்டு. முற்றத்தை விளிம்பு வரை நிரப்பினால் அடியில் இருக்கும் பெட்டியை எடுக்க மேலே இருப்பவற்றை நகர்த்த இடம் இருக்காது, வேலை மந்தமாகும். கொள்ளளவை முழுதாகப் பயன்படுத்தப் போய் மற்றதைக் குறைத்துக்கொள்கிறோம். எதிர்த்திசையில் போகும் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைப்பது எப்படி?

ஆகவே என் முன்மொழிவு ‘கையாள்திறன்’. கொழும்புக்கு வரும் பெட்டிகளில் பெரும்பாலானவை இலங்கைக்குள் நுழைவதே இல்லை. ஒரு கப்பலில் இருந்து இறங்கி இன்னொன்றில் ஏறி, பெரும்பாலும் இந்தியத் துறைமுகங்களுக்குப் போகின்றன. அப்படிப் போகும் பெட்டி இறங்கும்போது ஒரு தடவை, ஏறும்போது ஒரு தடவை என இரண்டு முறை எண்ணப்படும். அதாவது எண்ணப்படுவது பெட்டி அல்ல, அதை எத்தனை தடவை கையாண்டோம் என்பதுதான். சொல்லில் ‘கை’ இருப்பது இங்கே கணக்கோடு ஒத்துப்போகிறது. இதற்கே மட்டக்களப்புத் தம்பி ஒருவர் குழுவில் சொன்ன ‘கொள்திறன்’ சுருக்கமாக, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதிலும் அதே ‘கொள்’ வருகிறதே.

துறைமுகம் உண்மையில் செய்து முடித்ததைக் ‘கையாண்ட அளவு’ என்று பிரித்துச் சொல்லலாம். 2018இல் கொழும்பு 70 இலட்சம் அலகுகளைத் தாண்டியது இந்த வகை.

டிமாண்டுக்குத் (demand) தமிழ் ‘கேள்வி’யா, ‘தேவை’யா என்ற சண்டையை இப்போதைக்குத் தள்ளிவைப்போம். இங்கே பொருளியல் படித்தவர்களுக்குக் ‘கேள்வியும் நிரம்பலும்’ பழக்கம். தமிழ்நாட்டில் ‘தேவை’. அடைப்புக்குறிக்குள் மற்றதையும் போட்டால் போதும்.

எனக்கு இன்னும் பிடிபடாதது வேறொன்று. கேள்வி வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. கையாள்திறனோ ஒரு முனையம் திறக்கும் அன்று ஒரேயடியாக எகிறுகிறது. 2025இல் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் முறைப்படி திறந்தபோது இந்தப் பக்கத்துக் கணக்கு முழுவதையும் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று. தேவைக்கு மேல் நிற்கும் அந்தப் பகுதிக்கு ‘மிகைக் கையாள்திறன்’ என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. ‘மிகைத்திறன்’ என்றால் ஏதோ பாராட்டுப் போல ஒலிக்கிறது. ‘எஞ்சுதிறன்’ எப்படி? துறைமுக வேலையில் இருக்கும் உறுப்பினர்கள் தங்கள் வேலையிடத்தில் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.