சம்பளத் துண்டை (பே ஸ்லிப்) ஆங்கிலத்தில் எழுதித் தர யாராவது இருக்கீங்களா?

இலங்கை மலையகத்தில் ஹட்டன், பொகவந்தலாவைத் தோட்டப் பிள்ளைகள் அமெரிக்கக் கோடைகால வகுப்புகளுக்கு விண்ணப்பிக்க உதவுகிறோம். வகுப்பு ஜூன், ஜூலையில் என்றாலும் விண்ணப்பம் முந்தின மார்கழி, தையிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும்.

சிக்கல் வருமானச் சான்றில். யேல் பல்கலைக்கழகத்தின் இரண்டு வார வகுப்புக்குக் கட்டண உதவி கேட்டால் வீட்டு வருமானம் காட்ட வேண்டும். தோட்டச் சம்பளத் துண்டில் அரைப்பேர் (அரைநாள் கூலி), கைக்காசு (நாட்சம்பளத்துக்கு வெளியே தரும் காசு), அட்வான்ஸ், ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) எல்லாம் கலந்து கிடக்கும். கையில் வந்த தொகையை மட்டும் எழுதினால் கணக்கு இடிக்கும். மொத்தச் சம்பளம், கழிவு, மிச்சம் மூன்றும் தனித்தனியே வேண்டும்.

கட்டணம் முழுசாகத் தள்ளுபடியானாலும் விமான டிக்கெட், விசாச் செலவு பெரும்பாலும் நம் தலையில்தான். அங்கே படித்தால் பிறகு கேம்பஸ் (பல்கலைக்கழக இடம்) நிச்சயம் என்று சொல்கிறவர்களை தயவுசெய்து நம்பாதீங்க.

ஆங்கிலம், தோட்டக் கணக்கு இரண்டும் தெரிந்த அக்காமார், அண்ணாமார் கீழே எழுதுங்க.