மட்டி ஓட்டில் 39 டிகிரி வருகிறது, எங்கே தப்பு?

செல்லூர்க்காரன்:
மதுரையில் எம்எஸ்சி ஜியாலஜி படிக்கிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகே உள்ள அழகன்குளம் பக்கம் கிணறு தோண்டும்போது வந்த பழைய மட்டி ஓடு ஒன்றில், மூட்டிலிருந்து விளிம்பு வரை, அதாவது ஓடு வளர்ந்த வரிசையில், 22 இடங்களில் பொடி சுரண்டி ஆக்ஸிஜன் ஐசோடோப் பார்த்தோம் (கனமான ஆக்ஸிஜன் 18 எவ்வளவு என்ற எண்; அது குறைந்தால் ஓடு வளர்ந்த நீர் சூடு என்று கணக்கு). 19 புள்ளிகள் மைனஸ் 1.7-க்கும் மைனஸ் 2.3-க்கும் நடுவில், கணக்குப் போட்டால் 27, 29 டிகிரி, சரி. மீதி மூன்றும் மைனஸ் 4.5, அதாவது 39 டிகிரி! கடலா, சுடுதண்ணீர் அண்டாவா? நாளை மறுநாள் கைடிடம் காட்ட வேண்டும், உதவுங்கள்.

டிரில்_பிட்:
தம்பி, ஓடு கெட்டுப்போயிருக்கும். கிணற்று நீர் ஊறி ஊறி ஓட்டின் அரகோனைட், அதே சுண்ணாம்பின் வேறு படிக வடிவமான கால்சைட்டாக மாறினால் எண் இப்படித்தான் கீழே போகும். டிரில்லை வேகமாக ஓட்டினாலும் அந்தச் சூட்டிலேயே மாறும். எந்தக் கனிமம் என்று காட்டும் எக்ஸ்ரே சோதனை, எக்ஸ்ஆர்டி, எடுத்தீர்களா?

செல்லூர்க்காரன்:
எடுத்தோம் அண்ணே. படத்தில் 26.2 டிகிரி கோணத்தில் அரகோனைட் உச்சி நன்றாக இருக்கிறது, கால்சைட்டின் 29.4-இல் ஒன்றுமே இல்லை. டிரில்லும் மெதுவாகத்தான்.

வாடிப்பட்டி அக்கா:
அப்போது ஓட்டைக் குறை சொல்லாதே, தண்ணீரைப் பார். வெப்பநிலைச் சமன்பாட்டில் நீரின் ஐசோடோப் மதிப்புக்குப் பூஜ்ஜியம் போட்டிருப்பாய், அது திறந்த கடலுக்கு. மட்டி முகத்துவாரத்துப் பிராணி, ஆற்று வெள்ளம் வந்தாலும் தாங்கிக்கொண்டு கிடக்கும். மழைத்தண்ணீரில் ஆக்ஸிஜன் 18 குறைவு, அது கலந்த நீரில் வளர்ந்த ஓட்டிலும் குறையும், நீ அதைச் சூடு என்று படித்துவிட்டாய். அந்த மூன்று புள்ளியும் அடுத்தடுத்து இருக்கின்றனவா? கார்பன் ஐசோடோப் எப்படி?

செல்லூர்க்காரன்:
அக்கா, மூன்றும் ஒட்டியே இருக்கின்றன, சட்டென்று விழுந்து அப்புறம் ஏறுகிறது. கார்பனும் அதே இடத்தில் விழுகிறது, அட்டவணையில் கார்பன் எண்களை நான் திறந்தே பார்க்கவில்லை. நீருக்கு மைனஸ் 2 போட்டால் 30.3 டிகிரி வருகிறது!

வாடிப்பட்டி அக்கா:
வரும், ஏனென்றால் வர வைத்தது நீ. மைனஸ் 2.5 போட்டால் 28 வரும், அதையும் நம்புவாயா? இந்த மூன்று புள்ளியிலிருந்து வெப்பநிலை சொல்லாதே, நன்னீர் வந்த காலம் என்று மட்டும் எழுது. வடகிழக்குப் பருவமழையா என்று பார்க்க அதே ஓட்டில் பேரியம் என்ற தனிமத்தையும் அளந்து பார், ஆற்று நீரோடு அது கூடி வருவதுண்டு, ஆனால் கடலில் பாசி பெருகினாலும் ஏறும், அதனால் தனியாக அதை நம்பாதே.

டிரில்_பிட்:
நான் சொன்னது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓடு கெட்டாலும் கார்பனும் ஆக்ஸிஜனும் சேர்ந்தே விழலாம், அதனால் ஓடு கெடவில்லை என்று காட்டும் அந்த எக்ஸ்ஆர்டி படத்தை முதல் பக்கத்திலேயே வை தம்பி.

செல்லூர்க்காரன்:
சரி அண்ணே. இன்றைய மட்டியும் தண்ணீரும் எடுத்து ஒப்பிடலாமா அக்கா?

வாடிப்பட்டி அக்கா:
கண்டிப்பாக. பாட்டிலில் காற்று நிற்காமல் விளிம்பு வரை நிரப்பி இறுக்கி மூடு, ஆவியானால் எண் மாறிவிடும். ஒரே சிக்கல், இப்போதெல்லாம் வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது, கடலுக்கு எப்போதாவதுதான் போகிறது. மாதம் ஒரு பாட்டில் எடு, வெள்ளம் வந்தால் அன்றைக்கே ஓடு.

செல்லூர்க்காரன்:
ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரம் பஸ் ஏறுகிறேன் அக்கா.