சிகரெட் ஹராமா, மக்ரூஹ் மட்டும்தானா?

கடைசிஸஃப்:
அஸ்ஸலாமு அலைக்கும். பதினோரு வருஷமாகச் சிகரெட் பிடிக்கிறேன், ஒரு நாளைக்கு எட்டு பத்து ஆகிவிடும். ஐந்து வேளையும் தொழுகிறேன். ஆனால் ஜமாஅத்தில் (கூட்டுத் தொழுகையில்) பக்கத்தில் நிற்பவருக்கு வாடை அடிக்குமே என்று எப்போதும் கடைசி ஸஃபில் (வரிசையில்) ஓரமாகத்தான் நிற்பேன். போன வாரம் வீட்டில் தொழும்போது ஐந்து வயது மகள் வழக்கம்போல ஸஜ்தாவில் (நெற்றியைத் தரையில் வைக்கும்போது) முதுகில் ஏறிக்கொண்டாள். ஸலாம் கொடுத்ததும் கழுத்தைக் கட்டிக்கொள்ள வந்தவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு "அத்தா, உங்க வாய் கருகின மாதிரி நாறுது" என்றாள். அதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. ஒரு ஹஜ்ரத் ஹராம் (மார்க்கத்தில் தடை) என்கிறார், இன்னொருவர் மக்ரூஹ்தான் (வெறுக்கத்தக்கது, முழுத் தடை இல்லை) என்கிறார், ஒரு நண்பர் உன் தொழுகையே நாற்பது நாள் ஏற்கப்படாது என்கிறார். குர்ஆனிலோ ஹதீஸிலோ புகையிலை பற்றி நேரடியாக ஏதாவது உண்டா? ஆறுதல் வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள்.

மைக்கூடு:
வஅலைக்கும் ஸலாம். முதலில் அந்த நாற்பது நாள் பேச்சை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். அது மது குடிப்பவரைப் பற்றி வந்த ஹதீஸ், அதைச் சிகரெட்டில் கொண்டுவந்து ஒட்டுவது தப்பு. புகைத்தால் வுளூவும் (தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவும் சுத்தம்) முறியாது. இப்படிப் பயமுறுத்தியே சிலர் தொழுகையை விட்டிருக்கிறார்கள், நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

நேரடியாக எதுவும் இல்லை. புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி, முஸ்லிம்கள் வாழ்ந்த நாடுகளுக்கு அது வந்ததே 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். வந்ததுமே சர்ச்சையும் வந்துவிட்டது. உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் 1633இல் தடை போட்டு, மீறியவர்களுக்கு மரண தண்டனை வரை போனார். அதே காலத்தில் எகிப்தில் மாலிக்கி மத்ஹபைச் (சட்டப் பள்ளியை) சேர்ந்த இரண்டு ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்), இப்ராஹீம் அல்லக்கானி கூடாது என்றும் அலீ அல்உஜ்ஹூரி கூடும் என்றும் எழுதினார்கள். 1731இல் மறைந்த திமிஷ்க் (டமாஸ்கஸ்) நகரத்து ஹனஃபி மத்ஹப் ஆலிம் அப்துல் கனீ அந்நாபுலுஸி, கூடும் என்று தனி நூலே எழுதினார். இவர்கள் யாரும் மார்க்கத்தை விளையாட்டாக எடுத்தவர்கள் இல்லை. இது போதை தருகிறதா, உடம்பைக் கெடுக்கிறதா என்று பார்த்தார்கள். போதை இல்லை, கேடும் நிரூபணமாகவில்லை, தடை இல்லாத பொருள் அடிப்படையில் ஆகுமானது என்பது கூடும் என்றவர்களின் வாதம். மக்ரூஹ் என்றவர்களில் பலர் பார்த்தது வாடையை. வெங்காயம், பூண்டு சாப்பிட்டவர் பள்ளிவாசலை நெருங்க வேண்டாம் என்ற ஹதீஸ் உங்களுக்கே தெரியும், கடைசி ஸஃபில் நிற்கிறீர்களே.

இப்போது அந்தக் கேடு நிரூபணமாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி புகையிலையால் ஆண்டுக்கு 70 லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள், அதில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் புகைக்காதவர்கள், பக்கத்தில் இருந்தவர்கள். "உங்களை நீங்களே கொன்றுவிடாதீர்கள்" (4:29), "உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள்" (2:195) என்ற வசனங்களை இன்றைய ஆலிம்கள் இதற்கு எடுப்பது அதனால்தான். மலேசியாவின் தேசிய ஃபத்வா கவுன்சில் 1995இல் ஹராம் என்றது. முன்பு கூடும் என்று சொல்லிவந்த இந்தோனேசியாவின் முஹம்மதிய்யா அமைப்பும் 2010இல் ஹராம் என்று மாற்றிக்கொண்டது. என் மனசும் ஹராம் என்ற பக்கம்தான்.

ஓடைக்கல்:
நான் புகைப்பவன் இல்லை, ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். "இது ஹலால், இது ஹராம் என்று உங்கள் நாவு போன போக்கில் சொல்லாதீர்கள்" என்பதும் குர்ஆன்தான் (16:116). அதே இந்தோனேசியாவில் நஹ்ததுல் உலமா என்ற ஆலிம்கள் அமைப்பு மக்ரூஹ் என்றுதானே சொல்கிறது? சர்க்கரையும்தான் ஆளைக் கொல்கிறது, அதை யாரும் ஹராம் என்பதில்லை. ஹராம் என்ற சொல்லை எல்லாவற்றுக்கும் தூக்கினால் அதன் கனம் போய்விடும்.

மைக்கூடு:
பாய், கவலை நியாயம்தான். ஆனால் சர்க்கரையை அளவோடு சாப்பிட்டால் கேடில்லை. சிகரெட்டில் அப்படி ஒரு பத்திரமான அளவே கிடையாது. அப்புறம் அந்தப் புகை இவரோடு நிற்பதும் இல்லை. தனக்கும் கேடு கூடாது, பிறருக்கும் கேடு கூடாது என்ற ஹதீஸை வைத்துப் பாருங்கள், அந்தப் பிள்ளை என்ன செய்யும்? மக்ரூஹ் என்றே வைத்துக்கொண்டாலும் அல்லாஹ் வெறுப்பது என்றுதானே அர்த்தம்? ஹனஃபி மத்ஹபில் மக்ரூஹ் தஹ்ரீமி என்றால் ஹராமுக்கு அடுத்த படி. நம்மில் பலர் மக்ரூஹ் என்றாலே அனுமதிச் சீட்டு கிடைத்த மாதிரி எடுத்துக்கொள்கிறோம்.

மூன்றாம்முறை:
சகோதரரே, நான் விட்டு நாலு வருஷம் ஆகிறது, அல்ஹம்துலில்லாஹ். ரமளானில்தான் எனக்கே உறைத்தது. மஃரிப் பாங்கு சொல்லும்போது ஒரு கையில் பேரீச்சம்பழம், இன்னொரு கையில் லைட்டர். கொட்டையைத் துப்புவதற்குள் பற்றவைத்துவிட்டேன், நோன்பு திறக்கும் துஆவைக் கூட ஓதவில்லை. பகல் முழுக்க அல்லாஹ்வுக்காக விட முடிந்த எனக்கு ராத்திரி மட்டும் ஏன் முடியவில்லை என்று அன்றைக்கு அழுதேன். ரெண்டு தடவை விட்டு மறுபடி தொட்டேன், மூன்றாவது தடவைதான் நின்றது. முதல் ரெண்டு மூணு நாள்தான் மோசம், எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும், மூணு நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். டாக்டரைப் பாருங்கள், நிகோடின் பட்டை, சூயிங்கம் எல்லாம் இருக்கிறது. சூயிங்கத்தை நோன்பு நேரத்தில் மெல்ல முடியாது, மற்ற நாளில் ஆரம்பிப்பது நல்லது.

கடைசிஸஃப்:
எல்லோருக்கும் ஜஸாக்கல்லாஹு கைர். ஓடைக்கல் பாய், நீங்கள் சொன்னதைத்தான் பதினோரு வருஷமாக என் மனைவியிடம் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஆனால் உங்களைப் போல மார்க்கத்தின் மேல் உள்ள அக்கறையால் சொல்லவில்லை, விட மனசில்லாமல் சொன்னேன். வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறேன். மூன்றாம்முறை, ஒன்று கேட்கணும். சாப்பிட்டு எழுந்ததும் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகிறதே, அதை எப்படிச் சமாளித்தீர்கள்?

மூன்றாம்முறை:
அதே பாக்கெட்டில் மிஸ்வாக் (பல் துலக்கும் குச்சி) வைத்துக்கொண்டேன். விரலிடுக்கில் பிடிக்கக் கிட்டத்தட்ட அதே கனம்தான். ஆசை அஞ்சு பத்து நிமிஷத்தில் தணிந்துவிடும், அதுவரை பல் தேய்த்துக்கொண்டே நடங்கள். லைட்டரை மட்டும் இன்றைக்கே யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.