நகோயாவிலிருந்து தகயாமா, தனியாக ரயிலில்: சமாளிக்கலாமா?

கும்பகோணத்துக்காரி: வேலையாக ஜப்பானில் நகோயா போகிறேன், இரண்டு நாள் லீவு கிடைக்கும், அங்கிருந்து தகயாமா ஊரைப் பார்க்க ஆசை. நான் தனியாக ஏறியதெல்லாம் மயிலாடுதுறை பாசஞ்சர்தான். சைவம் வேறு. ஜப்பான் முழுக்கச் சுற்றும் ரயில் பாஸ் எடுக்கணுமா?

திருவாரூர் தம்பி: வேண்டாம்க்கா. 7 நாள் பாஸை 2023 அக்டோபரிலேயே 50,000 யென் ஆக்கிவிட்டார்கள், ஒரு ஊருக்காக எடுத்தால் நஷ்டம்தான். ஹிடா எக்ஸ்பிரஸ் நேராகப் போகும், சுமார் இரண்டரை மணி நேரம். கிளம்பும்போது சீட்டெல்லாம் பின்பக்கம் பார்த்திருக்கும், தப்பான வண்டியோ என்று பதறி இறங்கிவிடாதீர்கள் (நான் கதவு வரைக்கும் போய்விட்டேன்), வழியில் கிஃபு ஸ்டேஷனில் வண்டி திசை மாறியதும் சரியாகிவிடும்.

தஞ்சாவூர் மாமி: சூப்பில் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும்மா. கடையில் உமெபோஷி (உப்பில் ஊறிய ஜப்பான் பழம்) வைத்த ஒனிகிரி (சோற்று உருண்டை) வாங்கு, நம்ம நார்த்தங்காய் ஊறுகாய் மாதிரி புளிப்பும் உப்பும். கவரை போனில் மொழிபெயர்த்துப் பார்த்துக்கோ.

கும்பகோணத்துக்காரி: சோறும் ஊறுகாயும் போதும் மாமி!